பிராவ் பொன்னுரங்கம்

இந்த நாட்டில் கடிதங்கள் எல்லாம்
அப்பாவுக்குத்தான் வருகின்றன.
பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்று
ஏஜெண்ட் அவர் பெயரை நிரப்பிவிட்டார்.
அன்றிலிருந்து மாக்டபுர்க்கின் எல்லாக் கணினிகளிலும்
நான் பிராவ் பொன்னுரங்கம்.
இளவேனில் என்று ஒருத்தி
முன்னால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

பேக்கரியில் சம்பளச் சீட்டு பொன்னுரங்கத்துக்கு.
பல் டாக்டரிடம் வாயைத் திறந்தது பொன்னுரங்கம்.
வெப்பப் பரிமாற்றத் தேர்வில்
இரண்டு முறை ஐந்து வாங்கியதும் பொன்னுரங்கம்.
(இங்கே ஐந்து என்றால் தோல்வி.
முதல் தடவை, ஐந்துக்கு ஐந்தாக்கும் என்று
அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.)

மூன்றாவதிலும் தோற்றால்
இந்தப் பாடத்தை இந்த நாட்டில் எங்கேயும் தொட முடியாது,
அதற்குமுன் நீங்களே விலகிக்கொண்டால்
கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும் என்றார்
ஆலோசனை அறையில் பிராவ் கிரோனே.
அவர் கடித்து வைத்த ஆப்பிள்
பேச்சு முடிவதற்குள் பழுப்பேறிவிட்டது.
கையெழுத்துப் போட்டேன்.
அச்சு அசல் அப்பாவுடையது போலவே விழுந்தது.
ஏழாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில்
ஒருமுறை போட்டுப் பழகிய கை.

முதலில் டிராம் போயிற்று.
மாணவர் அட்டை செத்ததை அறியாமல்
செல்லாத சீட்டோடு மூன்று நாள் ஏறியிருக்கிறேன்.
அப்புறம் காப்பீடு.
அப்புறம் விடுதி அறை, ஆறு வாரம்.
பேக்கரி முதலாளி மட்டும் வருத்தப்பட்டார்.
"மாணவி இல்லையென்றால் எந்தக் கணக்கில் உன்னை எழுதுவது?"
என்று கேட்டு
விற்காத ரொட்டிகளை ஒரு பை நிறையக் கொடுத்தார்.
நான்கு நாள் அதைத்தான் தின்றேன்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எண் சீட்டு, நூற்று எட்டு.
எனக்கே சிரிப்பு வந்தது.
"அடுத்த திட்டம் என்ன, பிராவ் பொன்னுரங்கம்?"
அதிகாரி கேட்டது என்னைத்தான்.
ஆனால் திட்டம் வைத்திருப்பது அந்தப் பெயருக்கு உரியவர்.
சர்க்கரை ஆலை எடை மேடையில்
லாரி உள்ளே போகும்போது ஒரு முறை,
வெளியே வரும்போது ஒரு முறை எடை பார்த்து
வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறவர்.
நாற்பத்தாறு கிலோவாக உள்ளே வந்தேன்.
இப்போது நாற்பத்து மூன்று.
இந்தக் கணக்கை எந்தப் பத்தியில் எழுதுவார்?

படிப்பு நின்றால் வங்கித் தவணை தொடங்கும்.
பதினெட்டு லட்சம்.
அந்தக் கடிதம் நாமக்கல்லில் அச்சாகும்.
இத்தனை கடிதங்களில்
அது ஒன்றுதான் சரியான பொன்னுரங்கத்தின் கைக்குப் போகும்.

நேற்றிரவு பேசினார்.
பட்டமளிப்பு எந்த மாதம் என்று கேட்டார்.
அவருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டதாம்.
"என் பேர் பின்னாடி உங்க தாத்தா பேரைப் போட்டிருக்கான் பாப்பா,
மாரப்பன்னு. அங்க வந்தா
நம்ம ரெண்டு பேரையும் அப்பா மகன்னு நம்புவானா?"
மகள் என்று சொல்ல வந்து
வாய் தவறிவிட்டது அவருக்கு.
திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.
ஆலைச் சங்கு ஊதியது, வைத்துவிட்டார்.

இன்று அறையைக் காலி செய்கிறேன்.
அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரை
நகத்தால் சுரண்டினேன்.
பின்பாதி உரிந்து வந்தது.
முன்பாதி வரவேயில்லை.
ஜெர்மன் எழுத்தில் இரண்டு சுழியா மூன்று சுழியா
என்று சொல்ல முடியாது.
பொன்னு என்றும் படிக்கலாம்.
பொண்ணு என்றும்.

சாவியைக் கொடுக்கக் கீழே வந்தபோது
தபால்காரர் அந்தப் பாதிப் பெயரை உற்றுப் பார்த்து
என்னையும் பார்த்து
ஒரு உறையை நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
இன்னும் பிரிக்கவில்லை.
அப்பாவுக்கு வந்ததை நான் எப்படி?